கால் சும்மா இருந்த வண்டி

"இன்னும் கொஞ்சம் இழு" என்றாள்.

அவன் தரையில் முட்டி போட்டு அவளுடைய ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இடது கால் எப்படியோ உள்ளே போய்விட்டது. வலது கால்தான் அடம்பிடித்தது. கணுக்காலுக்கு மேலேயும் வீக்கம் ஏறியிருந்தது. விரல் பட்ட இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. நாடாவை முழுதாக உருவிவிட்டு, ஒருவழியாகக் காலை நுழைத்தான்.

"கடிக்குதா? விரலை அசைச்சுப் பாரு."

"அசைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஷூவின் மேல்தோல் துளிகூட அசையவில்லை. அவன் நாடாவைத் தளர்வாகக் கட்டினான்.

"செருப்பு போதாதா டீச்சர்? நீ சும்மா உக்காரத்தானே போற."

"செருப்போட வண்டியில ஏறுனவங்களை நான் இறக்கி விட்டிருக்கேன். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. இறக்கி விடப்பட்டவர்களில் அவனும் ஒருவன். அவளும் அவள் அண்ணனும் நடத்திய டிரைவிங் ஸ்கூலில் அவன் சேர்ந்த முதல் நாள் அது. படிப்பை முடித்து, கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்து, ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காமல் வந்து நின்றவனை அவள் செருப்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் ஷூவோடு போனான். மற்றவர்களைவிட அவன் கற்றுக்கொள்ள இரண்டு மடங்கு நாள் ஆனது. அதில் டீச்சருக்கும் அவசரம் இல்லை, மாணவனுக்கும் அவசரம் இல்லை என்று, பிறகு அவனுக்கு மச்சான் ஆகிவிட்ட அந்த அண்ணன் இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

அந்த மச்சானின் குரல்தான் கதவுக்கு வெளியே கேட்டது. "மாப்ள, டைக்காரன் வந்து ரொம்ப நேரமாச்சு. கீழ நின்னு வண்டியைத் துடைச்சுக்கிட்டே இருக்கான். இன்னும் கொஞ்சம் விட்டா பெயிண்ட்டே போயிரும்."

டைக்காரன் என்பது ஷோரூமில் இருந்து வந்த விற்பனைப் பையனுக்கு அவள் வைத்த பெயர். எந்த வெயிலிலும் அவன் டையைத் தளர்த்துவதில்லை. அவள் யாருக்கும், எதற்கும் பெயர் வைக்காமல் விட்டதில்லை.

இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர் சொன்ன வாரம், டிரைவிங் ஸ்கூலில் இருந்த தன் பங்கை அவள் அண்ணனுக்கே கொடுத்துவிட்டாள். வந்ததை வைத்து ஒரு கார் வாங்க வேண்டும் என்றாள். சாதாரணக் கார் இல்லை. இத்தனை காலம் ரோட்டில் பார்த்து, "போறாரு பாரு மகராசன்" என்று ஓரம் ஒதுங்கி வழிவிட்ட ரகம். ஏறக்குறைய ஒரே விலை, ஒரே நீளம், ஒரே மிடுக்கு. மூன்று கம்பெனிகள் நீயா நானா என்று அடித்துக்கொள்ளும் ரகம்.

"இத்தனை வருஷம் கண்டவன் தப்புக்கெல்லாம் நான் பிரேக் போட்டாச்சு. இனிமே நீ ஓட்டணும், நான் பக்கத்துல காலை நீட்டிக்கிட்டு உக்காரணும். அவ்வளவுதான்" என்றாள்.

பயிற்சிக் காரில் டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மிதித்து மிதித்துப் பழகியதில், எந்த வண்டியில் ஏறினாலும் அவளுக்கு அது போகவில்லை. குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால் போதும். வலது கால் தானாக எழுந்து வெறும் தரையை ஓங்கி மிதிக்கும். அதையே அவள் அளவுகோல் ஆக்கிக்கொண்டாள். எந்த வண்டியில் தன் கால் சும்மா இருக்கிறதோ அந்த வண்டியை நம்பலாம்.

முதலில் பார்த்த வண்டிக்குப் பெரியப்பா என்று பெயர். கதவைச் சாத்தினால் வெளியே ஊரே அடங்கிப்போகும். மேடு பள்ளங்களை எல்லாம் 'சரி விடு, சரி விடு' என்று விழுங்கிக்கொண்டு போகும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஓடும். அதில் அவள் கால் இரண்டு மூன்று தடவை மிதித்தது. அடுத்தது புது மாப்பிள்ளை. திரைக்கு மேல் திரை, கதவோரம் கலர் கலராக விளக்கு, முதுகு பிடித்துவிடும் இருக்கை. "இதைக் கவனிக்கவே தனியா ஒரு ஆள் வேணும்" என்றாள். அதில் கால் மிதித்ததற்குக் கணக்கே இல்லை.

மூன்றாவது இப்போது கீழே நிற்பது. படத்தைப் பார்த்தே பெயர் வைத்துவிட்டாள். கொழுந்தன். தாழ்ந்து, அகன்று, எந்நேரமும் வம்புக்குத் தயாராக நிற்கும் முகம்.

மச்சான் அவளைக் குழந்தை போல் தூக்கிக்கொண்டார். வாசலில் அவளுடைய அம்மா, அவனுக்கு அத்தை, நின்றார். "பத்திரமா போயிட்டு வாம்மா" என்றார்.

போன வருஷமாக இருந்தால் "இந்த உடம்புக்குக் காராம் காரு" என்று வீடு இரண்டுபட்டிருக்கும்.

லிஃப்டுக்குள் அவள் சொன்னாள்: "பாத்தியா, அம்மாகூட கத்தல. என்கூட சண்டை போடவே ஆளில்லாம போச்சு. அதுலயே பாதி செத்தாச்சு."

"லூசு மாதிரி பேசாத" என்றார் மச்சான், அவள் தலைக்கு மேல் எங்கோ பார்த்துக்கொண்டு.

மச்சானும் டைக்காரனும் பின்னால் ஏறினார்கள். அவன் வண்டியைக் கிளப்பினான். அடியில் ஏதோ உறுமி, பிறகு அடங்கி, காத்திருந்தது.

"மேடம், இந்த செக்மெண்ட்லயே இதோட ஹேண்ட்லிங்தான்..."

"தம்பி, நீங்க கொஞ்சம் சும்மா வாங்க. வண்டி பேசட்டும்."

வண்டி பேசியது. மணிக்கட்டு திரும்பி முடிப்பதற்குள் முன்சக்கரம் திரும்பியிருந்தது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் இருக்கை வழியாக முதுகில் ஏறியது. வேகத்தடை ஒன்றில் அவள் உதட்டைக் கடித்தாள். கடித்த உதட்டோடு சிரித்தாள்.

"இதுதான்டா வண்டி."

அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கும் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பது போலிருந்தது. கை ஓயவில்லை. அவனுக்குப் பெரியப்பாவைப் பிடித்திருந்தது. முதல் நாளே பிடித்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"நாள் முழுக்க ஊர்ல இருக்கவங்களை எல்லாம் உக்காரவெச்சு, 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு கேக்குற" என்றாள். "இன்னைக்கு நான் உன்னைக் கேக்குறேன். பெரியப்பாவா, கொழுந்தனா?"

"உனக்கு எது பிடிக்குதோ அதுதான்."

"எனக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியும். ஓட்டப்போறது நீ. நாளைக்கும் பக்கத்துல உக்காந்து நான் சொல்லிக்கிட்டிருக்க முடியாது. உன் வாயால ஒண்ணு சொல்லு. தப்பாவே சொல்லு. நான் சண்டைக்கு வரேன். ஆசையா இருக்கு."



நாள் எண்ணிக்கொண்டிருப்பவளோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கத்துச் சந்தில் இருந்து ஒரு சரக்கு வண்டி முன்னே பின்னே பார்க்காமல் ரோட்டுக்குள் நுழைந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். ஆணி அடித்ததுபோல் கார் நின்றது. நான்கு பேரும் முன்னால் போய்த் திரும்ப வந்தார்கள்.

அவன் பார்வை தானாகக் கீழே போனது. வலது ஷூ வைத்த இடத்திலேயே இருந்தது.

"மிதிக்கல!" மச்சான் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார். "பாருங்கடா, கால் சும்மா இருக்கு! இந்த வண்டிதான். முடிஞ்சுபோச்சு பேச்சு."

டைக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல செய்தி என்று தெரிந்து சிரித்தான்.

அவளும் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை தொடையை அழுத்திப் பிடித்திருந்தது. தொடை இறுகி, நடுங்கிக்கொண்டிருந்தது. மிதிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு போயிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே அது போய்ச் சேரவில்லை. காலையில் நாடா கட்டிய அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"ஆமாண்ணா" என்றாள். "சும்மாத்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் மச்சான் அத்தையிடம் நடந்ததைக் கை காலை ஆட்டிச் சொன்னார். அவள் படுக்கையில் சாய்ந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறப்பான் என்று காத்திருக்கிற பார்வை. அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான். கழற்றி முடிப்பதற்குள் அவள் கண் சொருகியிருந்தது.

மதியம் முழுக்க அவன் ஹாலில் உட்கார்ந்திருந்தான். மனதுக்குள் ஒரு வாக்கியத்தைச் செதுக்கினான். எனக்குக் கொழுந்தனைப் பிடிக்கல டீச்சர். அவ்வளவுதான். அதற்கு அவள் என்ன சொல்வாள், அதற்கு அவன் என்ன சொல்வான் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அவனுக்கே சிரிப்பு வந்தது. எழுந்து அறைக்குப் போனான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து, வாயைத் திறந்தான்.

"தூங்கட்டும் தம்பி" என்றார் நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்த அத்தை. "வலியில்லாம தூங்குறா. எழுப்பாதீங்க."

வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தான். வெயில் தாழ்ந்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பப் போனபோது அவளுக்கு மூச்சு இல்லை. அத்தை அப்போதும் விசிறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது தெரு முழுக்கக் கார்கள். அவளிடம் ஓட்டக் கற்றவர்கள். ஒருவரையொருவர் தெரியாதவர்கள். இரண்டு பக்கமும் கோடு போட்டதுபோல் நிறுத்தியிருந்தார்கள். ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரே இடைவெளி.

மச்சான் வீங்கிய கண்ணோடு பார்த்தார். "ஒருத்தனாவது கோணலா நிறுத்தியிருக்கானா பாரு மாப்ள. இன்னும் பயம் போகல பயலுகளுக்கு."

கூட்டம் கரைந்துகொண்டிருந்தபோது டைக்காரன் வந்தான். டை இல்லை. கழுத்துப் பொத்தான் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றான். மச்சான் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"தம்பி, அந்த வண்டியையே புக் பண்ணிருங்க. அவ கால் சும்மா இருந்த ஒரே வண்டி அது. கடைசியா அவ வாயால சொன்னது."

"அவ ஆசைப்பட்டது" என்றார் அத்தை. "அதையாவது செஞ்சிருவோம்."

"அது வேண்டாம் மச்சான்" என்றான் அவன்.

"எது வேண்டாம்?"

"கொழுந்தன். எனக்குப் பிடிக்கல. உக்காந்ததுலேர்ந்தே பிடிக்கல. எப்பப் பாரு அவசரம் அதுக்கு. எனக்குப் பெரியப்பாதான்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். நேற்றிலிருந்து அவன் பேசிய முதல் முழு வாக்கியங்கள் அவை. மச்சானின் முகம் சிவந்தது.

"நேத்து வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? அவ கெஞ்சிக் கேட்டாளே. அவ போனதும் உனக்கு ருசி தெரிஞ்சிருச்சா?"

காலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மச்சானிடம் மிச்சம் இருக்கும் ஆறுதலும் போய்விடும். அவன் சொல்லவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கணும்" என்றான். "சொல்லல."

அத்தை அவனையே உற்றுப் பார்த்தார். 'தூங்கட்டும் தம்பி' என்று சொன்ன முகம் மெல்ல வேறு முகமாக மாறியது.

"பெரியப்பா வண்டியா?" என்றார். குரல் கரகரத்தது. "அது மிதிச்சா யோசிச்சுட்டுத்தான் போகும்னாளே."

"யோசிக்கட்டும் அத்தை."

"அது கிழட்டு வண்டியாம். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அது?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"என்னத்தைப் பிடிச்சிருக்கு? அவளுக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியுமா? வண்டியைப் பத்தி அவளுக்கே பாடம் எடுக்குறீங்களா?" அத்தை எழுந்து நின்றுவிட்டார். குரல் வீட்டுக்கு வெளியே கேட்டது. மாதக்கணக்கில் கேட்காத குரல்.

"ஆமா" என்றான். "இதுல அவளுக்குத் தெரியாது."

அத்தை வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா, வேறு ஏதாவதா என்று மச்சான் குனிந்து பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

டைக்காரன் தொண்டையைச் செருமினான். "சார்... அது எங்க கம்பெனி வண்டி இல்ல."

"தெரியும் தம்பி."

பையன் தன் ஷூவைப் பார்த்தான். "நல்ல வண்டிதான் சார்" என்றான். எழுந்தான். அவனை அனுப்பிவைக்க இவனும் வாசல் வரை போனான். படியில் பையன் திரும்பி, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான்.

"என்ன கலர்ல எடுக்கப் போறீங்க சார்?"

"எதுவா இருந்தாலும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

எதிரே ஒரு சின்னக் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. உள்ளே டீச்சரிடம் ஓட்டக் கற்ற ஒரு நடுத்தர வயதுப் பெண் மட்டும். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வேறு எந்த வண்டியும் ஓடவில்லை, ஆளும் நடக்கவில்லை. அவள் இண்டிகேட்டரைப் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே ஒரு முறை பார்த்தாள்.

"யோசிக்கணும்" என்றான்.

இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் வண்டியை எடுக்கவில்லை. மறுபடியும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.