வலது முழுசு, இடது பாதி

“இந்த வருசம் நீ தோள் குடுக்க வேணாம் கங்காதரா. குடை புடிச்சிக்கினு அம்மனுக்கு முன்னால நட நைனா, போதும்” என்று நாட்டார் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, நான் கொடுவா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றுவிட்டது. எங்கள் குப்பத்துக்குத் தலைவர் அவர். கெட்ட மனுஷன் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. அலையில் கட்டுமரம் புரண்டு இவருடைய இடது கால் நசுங்கிய அன்று, ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவரே நாட்டார்தான். கால் பிழைத்தது, ஆனால் குட்டையாகிவிட்டது. இப்போது பாசமாகத்தான் குடையை நீட்டினார். அதில்தான் எனக்கு எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம், பாசத்தை என்ன செய்வது?

மாசி மகத்தன்று எங்கள் எல்லையம்மனைக் கடலுக்குத் தூக்கிப் போய்க் குளிப்பாட்டுவோம். சாந்தோமிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் ஜனங்கள் பார்க்க வருவார்கள். எட்டுப் பேர் தோள் கொடுப்பார்கள், ஒவ்வொரு தோளும் ஒரு வீட்டின் உரிமை. அம்மன் பல்லக்கின் இடது தண்டில் ஒரு இடம் என் மாமனாருடையது, அவருக்குப் பின் இவருடையது. ஒரு வருஷம் விட்டால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். குப்பத்து முறை அப்படி.

கால் போனதிலிருந்து இவர் கரைக்கே போவதில்லை. குடிசைக்குப் பின்னால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலை பின்னுவார். மீனுக்குக் குறைவில்லை. யார் வலையில் எது விழுந்தாலும் எங்களுக்கு ஒரு கை வந்துவிடும். வாங்கி வைக்கும்போதெல்லாம் இவர் முகம் இன்னும் கொஞ்சம் சின்னதாகும். அந்த இடமும் போனால் இந்த மனுஷன் எழுந்து உட்காரவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அன்று நாட்டார் போன பிறகு இவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். “குடை புடிக்கறது பசங்க வேலை.”

மறுநாள் மீன் கூடையோடு ராயப்பேட்டைக்குப் போய், தச்சு வேலை செய்யும் ஹனீஃபா பாயிடம் காலுக்கு உயரம் கூட்டுகிற மாதிரி ஒரு கட்டை கேட்டேன். என்னிடம் வாடிக்கையாக வஞ்சிரம் வாங்குகிறவர். “சாமி தூக்கறதுக்கா? அப்ப தேக்குலயே இழைக்கறேம்மா” என்று சொல்லி, தோல் வார் இல்லாமல் துணிநாடா கோத்துச் செய்து கொடுத்தார். நாட்டார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அளகா கீது. ஆனா காலுல போட்டா செருப்புதானே கோவிந்தம்மா? அம்மனை வெறுங்காலோடதான் தூக்கணும்.” கட்டையை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டேன். எனக்கும் அம்மன் மேல் பயம் உண்டு.

கட்டை இல்லாமலே பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் மணலில் தண்டுகளைப் போட்டு, அம்மனுக்குப் பதிலாக நனைந்த வலையைக் குவித்துத் தூக்கினார்கள். இவர் இடது காலை வைக்கும்போதெல்லாம் தண்டு ஒரு பக்கம் தாழ்ந்தது. கொஞ்ச தூரத்திலேயே வலை சரிந்து கீழே விழுந்தது. விழுந்தது அம்மனாக இருந்தால் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். இவர் தண்டிலிருந்து தோளை எடுத்துவிட்டுக் குடிசைப் பக்கம் திரும்பினார்.

“அவரு ஒருத்தர் நொண்டறதாலதானே கோணுது? நீங்க ஏழு பேரும் சேர்ந்து நொண்டித் தொலைங்களேன்!” என்று கத்தினேன்.

ஆத்திரத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் இவருக்குப் பின்னால் தோள் கொடுக்கும் என் தம்பி வேலு தலையைச் சொறிந்தான். “ஏன், நொண்டிப் பாத்தா இன்னா?”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் கரையில் எட்டு ஆம்பிளைகள் வலையைச் சுமந்துகொண்டு நொண்டினார்கள். வலது காலை முழுசாக ஊன்ற வேண்டும், இடது காலை வைக்கும்போது முட்டியை மடக்க வேண்டும். கேட்கச் சுலபம். நல்ல காலுக்கு நொண்ட வருகிறதா என்ன? சொல்லிக்கொடுக்க இவர்தான் வர வேண்டியிருந்தது. “வலது முழுசு! இடது பாதி! டேய் வேலு, நீ நொண்டல, குதிக்கிற!” அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. பெண்டுகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

வலது தண்டில் முதல் ஆள் நாட்டார். “எனக்கு முட்டி உட்டுப்பூடும் போல கீது” என்று புலம்பினார், ஆனால் ஒரு நாளும் வராமலில்லை. அம்மன் இதை ஒத்துக்கொள்வாளா என்று யாரோ கேட்டதற்கு, “நம்ம அம்மன் கடல்ல பொறந்தவ. அலை மேல போறோம்னு நெனச்சிக்குவா, போ” என்றார்.

மகத்தன்று அம்மன் எழுந்து எழுந்து அமர்ந்து வந்தாள். ஒரு பூ விழவில்லை. பக்கத்தில் நின்ற மயிலாப்பூர் மாமி ஒருத்தி, “ஏண்டியம்மா, இப்படி அசைஞ்சுண்டு வர்றாளே, இது என்ன வழக்கம்?” என்று கேட்டாள்.

“எங்க வழக்கம் மாமி” என்றேன்.

தண்ணீரோரம் பந்தலில் அம்மனை இறக்கிவைத்துவிட்டு, எட்டுப் பேரும் மோர் குடிக்க எங்களை நோக்கி மேலே ஏறி வந்தார்கள். தோளில் பாரம் இல்லை, நேராக நடந்திருக்கலாம். பழகிய கால்கள் கேட்கவில்லை. எல்லோர் இடுப்பிலும் ஒரே மாதிரி மஞ்சள் வேட்டி. அவர்களுக்குப் பின்னாலிருந்து கடல் வெயில் கண்ணைக் கூசவைத்ததில் ஒரு முகமும் தெரியவில்லை. எட்டுப் பேரும் நொண்டிக்கொண்டே வந்தார்கள். நான் மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் யார் என் வீட்டுக்காரர் என்று தேடினேன்.