ஏழு வாய் சொன்ன பாடம்

"ஒண்ணு போனாலும் மத்ததெல்லாம் இருக்கும்ல டீச்சர்?" என்று ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் யோசிக்காமல் ஆமாம் என்றாள். கேட்டவளின் ஒரே அம்மா ஏழு பேரானது அதற்கு மறுவாரம், செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில்.

பொருள்கள் பெருகுவது அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதல்ல. முன்பு துணிக் கிடங்காக இருந்த கட்டடத்தின் பின்னறையில் ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு டீச்சர் இங்கிலீஷ் நடத்தினாள். பொருளை மேசைமேல் வைக்காமல் பன்மை சொல்லித்தரக் கூடாது என்பது பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரிய டீச்சரின் கண்டிப்பு. டீச்சர் ஒரு பென்சிலை வைத்து அதன் பெயரைச் சொல்வாள். பிள்ளைகள் 'பென்சில்ஸ்' என்று மூன்று தடவை சேர்ந்து கத்துவார்கள். மூன்றாம் தடவை வாயை மூடும்போது மேசையில் ஏழு பென்சில் கிடக்கும். ஒரு வாய்க்கு ஒன்று. ஒரு பிள்ளை காய்ச்சலென்று வராவிட்டால் ஆறு. இதனால் இரண்டு வருடமாகச் சாக்பீஸ் வாங்குகிற வேலையே இல்லை. ஒரு நாள் டீச்சர் அவசரத்தில் ஓரம் விரிசல் விட்ட கப்பை எடுத்து வைத்துவிட்டாள். ஏழு கப்பிலும் அதே இடத்தில் அதே நீளத்துக்கு விரிசல். பெரிய டீச்சர் எட்டிப் பார்த்து, "நல்ல கப்பா எடுத்து வைக்கக் கூடாதாம்மா? கண்ணை எங்க வச்சிருந்த?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கப்புகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை எல்லோரும் பொத்தான் என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டையில் மேல்பொத்தான் எப்போதும் இருக்காது. அவள் அம்மா தையல் கம்பெனியில் பதினான்கு வருடமாக ஊரார் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தவள். வீட்டுக்கு வந்தால் ஊசியைத் தொடவே பிடிக்காது. பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி இருமலாகி, மழைக்காலம் தாண்டாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தார்கள். ஒற்றை அறை வீட்டில் எதை மறைப்பது?

பொத்தான் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். மேசை அருகே உட்கார வைத்தாள்.

"இதெல்லாம் சரிப்பட்டு வராதுக்கா" என்றாள் டீச்சர்.

"எனக்காகவா கேக்கறேன் டீச்சர்? இவ என் பக்கத்துலயே படுத்துட்டு என் மூச்சை எண்ணிட்டிருக்கா. ஒருத்தியாவது மிஞ்சினா போதும்."

டீச்சருக்கு அந்தக் கப் ஞாபகம் வராமல் இல்லை. ஒன்றை இறக்கித் தண்ணீர் ஊற்றி, அந்த பீரியட் முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எத்தனை நாளைக்கு ஒழுகாது என்று அவள் பார்க்கவில்லை. மணியடித்ததும் வீட்டிலிருப்பவர்கள் பற்றிய பாடத்தைப் பிரித்து அந்தச் சொல்லைச் சொன்னாள். ஏழு வாயும் 'மதர்ஸ்' என்று கத்தின. பொத்தானின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மேசை அருகே ஏழு அம்மாக்கள் ஒரே நொடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

அசல் அம்மா யார் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. ஏழு பேருக்கும் வலது ஆள்காட்டி விரலில் ஊசித் தழும்பு இருந்தது. பஸ் டிப்போ மெக்கானிக்கான பொத்தானின் அப்பா வீட்டிலிருந்த கட்டிலைத் தூக்கி வெளியே போட்ட பிறகுதான் எல்லோரும் படுக்க இடம் வந்தது. "ஒருத்தியைச் சமாளிக்கவே எனக்கு நாக்குத் தள்ளுது, உனக்கென்னப்பா, நாளைக்கு ஒருத்தி!" என்று டிப்போவில் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். முதல் பத்து நாள் பொத்தான் தெருவில் ராணி மாதிரி திரிந்தாள். ஒரு அம்மா தலை பின்னிவிட்டாள், ஒரு அம்மா சோறூட்டினாள். இருமல் இல்லாத நேரத்தில் நாலு பேர் சேர்ந்து அவளைத் திட்டவும் செய்தார்கள். அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. முதல் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இறந்தாள். தெருவே வந்து அழுதது. மற்ற ஆறு பேரும் சுவரோரமாக நின்று தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்தார்கள். இரண்டாவது ஆள் போனபோது பாதித் தெருதான் வந்தது. நாலாவதுக்குத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. டிப்போவில் லீவு கேட்டால், "உன் பொண்டாட்டி போன வாரமே செத்துட்டாளேப்பா, மறுபடியும் எதுக்கு லீவு?" என்று கையெழுத்துப் போட மறுத்தார்கள். இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஆபீசில் ஒன்றுக்கு மேல் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேர் காகிதமில்லாமலே எரிந்தார்கள்.

டீச்சர் ஏழு சாவுக்கும் போனாள். பொத்தான் முதல் அம்மாவுக்குத் தரையில் புரண்டு அழுதாள். மூன்றாவது அம்மாவுக்குத் தேம்பினாள். ஐந்தாவது அம்மா மூச்சு விடுவதை நிறுத்தியதும், யாரும் சொல்லாமலே வெள்ளைத் துணியை எடுத்து வந்து நீட்டினாள். ஏழாவது அம்மாதான் கடைசி நாளில் ஊசியைக் கேட்டு வாங்கி, மகளின் சட்டைக்கு மேல்பொத்தான் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். அவள் சாவுக்குப் பொத்தான் அழவே இல்லை. அந்தப் பிள்ளை முகத்தை டீச்சரால் பார்க்க முடியவில்லை. ஒரு தடவை பட வேண்டியதை ஏழு தடவை பட வைத்தாயிற்று.

பள்ளிக்கூடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாடம் பாட்டுக்கு நடந்தது. பெரிய டீச்சர், வைக்கிற பொருள் புதிதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டாள். மழை விட்ட வாரம் பொத்தான் வகுப்புக்குத் திரும்பி வந்து, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு தன் இடத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் புதுப் பென்சில் ஒன்றைச் சீவி மேசைமேல் வைத்தாள். பிள்ளைகள் மூன்று தடவை கத்தினார்கள். மேசையில் ஆறு பென்சில் கிடந்தது.

டீச்சர் எண்ணிப் பார்த்தாள். பிள்ளைகள் ஏழு பேரும் வந்திருந்தார்கள். பொத்தான் உதட்டைக் கடித்தபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மறுபடி சொல்லச் சொல்லவில்லை. ஆறு பிள்ளைகளுக்கு ஆறு பென்சிலைக் கொடுத்துவிட்டுத் தன் பேனாவைப் பொத்தானின் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் எது பெருகினாலும் ஒன்று குறைவாகவே பெருகியது. அப்படித்தான் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. மணி அடித்ததும் பொத்தான் பேனாவை மேசை நடுவில் தனியாக வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.