திரை அணைந்திருக்கிறதா?

கோமளாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஆபீசில் கம்ப்யூட்டர் மாறினால் மற்றவர்கள் நாலு நாள் முணுமுணுப்பார்கள், பட்டன் எங்கே போனது என்று தேடுவார்கள், பிறகு பழகிவிடுவார்கள். அவளுக்கு அப்படி இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவளைத் தூக்கிக்கொண்டு போய் வேறு வீட்டில் போட்டுவிட்டு வந்த மாதிரி. சுவர் எங்கே, கதவு எங்கே என்று ஒவ்வொன்றாகத் தடவித்தான் ஆக வேண்டும்.

நேரு பிளேஸில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி விண்டோஸைத் தலைமுழுகிவிட்டு எல்லா மெஷினிலும் லினக்ஸ் போட்டது. திங்கட்கிழமை காலை அவள் வந்து உட்கார்ந்தபோது, இத்தனை வருஷம் திரையில் இருப்பதைக் காதோடு படித்துச் சொல்லிக்கொண்டிருந்த குரல் இல்லை. புதுக் குரல் ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல் மூக்கால் பேசியது. வரியைத் திருப்பிப் படி என்று கீபோர்டில் பழைய பட்டன்களை அழுத்தினால் எங்கேயோ போய் நின்றுகொண்டது. சில சமயம் ஒன்றுமே பேசவில்லை.  மெஷின் நின்றுவிட்டதா, யோசிக்கிறதா, இல்லை, தானே எதையாவது அழித்துத் தொலைத்துவிட்டோமா? யாரையாவது கூப்பிட்டுக் கேட்டால்தான் உண்டு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய மெஷினில் ஒரு வசதி இருந்தது. குறிப்பிட்ட பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் திரை முழுக்கக் கறுத்துவிடும். குரல் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். கறுத்துவிட்டது என்பதையும் அந்தக் குரலே சொல்லிவிடும். கண் தெரியாதவளுக்குத் திரை எதற்கு? பின்னால் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பதற்குத்தான் அது பயன்படும்.

கோமளாவின் வேலைக்கு அந்த இருட்டு மிகவும் அவசியம். பெண்கள் கொடுக்கும் புகார்களை விசாரிக்கக் கம்பெனியில் ஒரு கமிட்டி உண்டு. மூடிய அறைக்குள் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து கோமளாவிடம் கொடுப்பார்கள். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து ஓடவிட்டும் நிறுத்தியும் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் டைப் அடிப்பாள். சத்தம் அவள் காதுக்குள்ளேயே அடங்கிவிடும், எழுத்து இருட்டுக்குள் போய்விடும். கமிட்டித் தலைவி ருக்மிணி மேடம், பூட்டின ரூமைவிட கோமளா சேஃப் என்று எல்லாரிடமும் பெருமையடிப்பார். அந்தப் பெருமையில்தான் அவளுக்குத் தனி அறை கொடுக்காமல், பெரிய ஹாலில் நடைபாதைக்கு முதுகு காட்டி உட்காரவைத்திருந்தார்கள். இந்த வேலை நடக்கும்போது அவளுடைய மொபைல்கூட லாக்கரில்தான் இருக்க வேண்டும்.

புது மெஷினில் அந்தப் பட்டன்கள் வேலை செய்யவில்லை. சிஸ்டம்காரர் வந்து, மானிட்டரின் கீழ் விளிம்பைத் தொட்டால் அணைந்துவிடும், சிந்தா மத் கரோ மேடம், கவலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு ஓடிவிட்டார். விளிம்பு வழுவழுவென்று இருந்தது. ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஒரு தடவை தொட்டால் அணையும், இன்னொரு தடவை தொட்டால் எரியும். இப்போது எரிகிறதா, அணைந்திருக்கிறதா? இந்தக் கட்டையில் போகிற மெஷினுக்கு அதைச் சொல்ல வாய் இல்லை.

"ரவி, கொஞ்சம் பாருப்பா. திரை அணைஞ்சிருக்கா?" என்று பக்கத்து வரிசையில் இருந்தவனைக் கேட்டாள்.

அவன் எழுந்து வந்து பார்த்தான். "கும்மிருட்டுக்கா. இனிமே தொடாதீங்க, அப்படியே விட்டுடுங்க" என்றான்.

ரவிக்குமார் அங்கே ஒரு டீம் லீட். அந்த மாடியில் அவளோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். சாயங்காலமானால் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மெட்ரோ பெட்டிக்குள் ஏற்றிவிட்டுத்தான் போவான். லாஜ்பத் நகரில் மாறி மயூர் விஹார் போகிறவள் என்று தெரிந்து, கேண்டீனில் ஏதாவது பலகாரம் இருந்தால் உங்க பொண்ணுக்கு எடுத்துட்டுப் போங்க என்று பையில் வைப்பான். தங்கமான பையன் என்று அவள் வாய் நிறையச் சொல்லிவந்தாள். அவன் சொன்ன பிறகு அவளுக்கு நிம்மதி. விளிம்பைத் தொடவே இல்லை.

புதன்கிழமை புதிய புகார் வந்தது. ஃபைலில் எண் மட்டும்தான் இருந்தது. ஆனால் ஹெட்ஃபோனில் குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ப்ரீதா. போன வருஷம் சேர்ந்த பெண், கேண்டீனில் அவள் சிரித்தால் ஹால் வரை கேட்கும். இப்போது லீவில் இருக்கிறாள். பதிவில் ஒரு சிரிப்பும் இல்லை. அவர் மெசேஜ் அனுப்பினார், அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார் என்று பேர் சொல்லாமலே பேசிக்கொண்டு போனாள். யாரோ வடநாட்டு மேனேஜர் என்று நினைத்துக்கொண்டே கோமளா அடித்தாள். பாவம் இந்தப் பெண், அந்தப் படுபாவி யாரோ என்று மனசுக்குள் திட்டவும் செய்தாள்.

வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து பெடலை மிதித்ததும் கமிட்டியில் யாரோ பேரைக் கேட்டார்கள். ப்ரீதா சொன்னாள்.

கோமளாவின் விரல்கள் ரவிக்குமார் என்று அடித்து முடித்துவிட்டன. மனசுக்கு அது பிறகுதான் எட்டியது. பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

திரை அணைந்திருக்கிறது என்று சொன்னது யார்?

முதலில் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? கேட்டதும் கேட்டாள், இவனிடமா கேட்க வேண்டும்? பிறகு, சே, அப்படி இருக்காது, உண்மையாகவே இருட்டாக இருக்கலாம் என்று தோன்றியது. கையை விளிம்புவரை கொண்டுபோனாள். தொட்டால்? அணைந்திருந்தால் இவள் கையாலேயே எரியவிட்டதாகிவிடும். எரிந்துகொண்டிருந்தால், இரண்டு நாளாக ப்ரீதாவின் வாழ்க்கை அந்த நடைபாதைக்கே வெளிச்சம் போட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. கை அந்தரத்தில் நின்றது.

காது அரிப்பதுபோல் ஹெட்ஃபோனை ஒரு பக்கம் நகர்த்தினாள். ஏ.சி. இரைச்சல், தூரத்தில் யாரோ ஹிந்தியில் போனில் சண்டை. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் ஏலக்காய் வாசனை வந்தது. சாப்பிட்டதும் ரவி ஏலக்காய் மெல்லுவான். வாசனை நகரவில்லை. 

எழுந்துபோய் ருக்மிணி மேடத்திடம் சொல்லிவிடலாம். என்ன சொல்வது? வாசனை வந்தது என்றா? திரை இருட்டாகத்தான் இருந்தது, அக்கா தானே தொட்டு எரியவிட்டிருப்பார் என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லுவான். கண் தெரியாதவள் பேச்சையா கேட்பார்கள், கண் இருக்கிறவன் பேச்சையா? வேலையும் போய், நல்லவன்மேல் பழி போட்டவள் என்ற பேரும் வரும்.

என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பெடலை மிதித்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா அந்தக் கேள்வி வர வேண்டும்? "அவர் வாசலுக்கு வர்றதால வீடு மாத்திட்டேன்னு சொன்னீங்க. இப்ப எங்க இருக்கீங்க? இது வெளியே போகாது."

ப்ரீதா சொன்னாள். கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டல். பேரும் தெருவும் சொன்னாள். "அது அவருக்கு மட்டும் தெரியக் கூடாது மேடம்" என்றாள். 

கோமளாவுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் அவன் நிற்பது உண்மையானால், இதற்காகத்தான் நிற்கிறான்.

விரல்களை நிறுத்தினால் சந்தேகப்படுவான். அடிக்கத்தான் வேண்டும். வேறு ஏதாவது ஒரு விலாசம், பொய்யாக ஒன்று. அந்தப் பதற்றத்தில் அவளுக்கு ஊரில் ஒரு விலாசமும் ஞாபகத்துக்கு வரவில்லை. கை தானாக அடித்தது: மயூர் விஹார், பாக்கெட் ஒன்று, அதற்குப் பிறகு பிளாக், ஃபிளாட் நம்பர். அடித்து முடித்து, மூக்கால் பேசும் குரல் அதைத் திருப்பிப் படித்தபோதுதான், அடிப்பாவி, அது தன் வீடு என்று உறைத்தது. வீட்டில் மகள் பிரபா தனியாக இருக்கிறாள். காலேஜ் லீவு.

ஃபைலை மூடிவிட்டு எழுந்தாள். லாக்கரில் இருந்த மொபைலை எடுத்து மகளை அழைத்தாள். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே, இல்லாவிட்டால் நான் வரும்வரை பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போய் இரு என்றாள். அச்சா மம்மி, இதர் கோன் ஆயேகா, இங்கே யார் வரப்போகிறார்கள் என்று பிரபா சிரித்தாள். கோமளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த விலாசத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்காவிட்டால், அதை அழித்துவிட்டு, அவனை அநியாயமாகச் சந்தேகப்பட்டதற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். அப்படியே ஆகட்டும் என்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், வழக்கம்போல் அவன் கை வந்து முழங்கையைப் பிடித்தது. லிஃப்ட் வாசலில் கூட்டம். தள்ளுமுள்ளில் அவளை இடிபடாமல் ஓரமாக நிறுத்தினான். அந்த அக்கறை மாறவே இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அக்கா, இன்னைக்கு நானும் உங்ககூட மயூர் விஹார் வரேன். அங்க ஒருத்தரைப் பார்க்கணும்" என்றான். பிறகு மிக மெதுவாக, சாதாரணமாக, அந்த பிளாக்கையும் ஃபிளாட் நம்பரையும் சொல்லி, ஸ்டேஷன்லேர்ந்து எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டான். காதில் விழுந்ததை அடித்துத் தள்ளுகிறவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகமிருக்கப் போகிறது என்று நினைத்தான் போலிருக்கிறது.

தினமும் அவளை மெட்ரோவில் ஏற்றிவிட்டவனுக்கு அவள் இறங்கும் ஸ்டேஷன் தெரியும். அதற்குமேல் அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளைப்பற்றி அவ்வளவு தெரிந்தால் போதும் என்று இருந்திருக்கிறான்.

  பேசாமல் தலையாட்டிவிட்டு லிஃப்டுக்குள் போய்விடலாம் என்றுகூடக் கோமளா ஒரு நொடி நினைத்தாள்.

"எனக்கு வழி தெரியும்" என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அது என் வீடு, ரவி. அங்க இருக்கிறது என் பொண்ணு."

 லிஃப்ட் வந்து திறந்து, யாரும் ஏறாமலே மூடிக்கொண்டது. முழங்கையிலிருந்த பிடி ஒரு கணம் இறுகியது, பிறகு விட்டுவிட்டது. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. போய்விட்டானா, எதிரிலேயே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பையிலிருந்து மடக்குக் கோலை எடுத்து விரித்தாள். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு ருக்மிணி மேடம் அறைப்பக்கம் நடந்தாள்.  அவனைப்பற்றிச் சொல்வதற்கு முன்னால், இரண்டு நாளாகத் திரை எரிந்துகொண்டிருந்தது என்பதை அவள் சொல்லியாக வேண்டும்.