வதாத் வீட்டில் விளக்கு அணையவில்லை

“கழட்டுடா உன் பேட்டரியை! இப்பவே கழட்டு!”

நாலாம் மாடி வதாத்தின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. திருப்புளியும் கையுமாக நிப்ராஸ் படியேறி ஓடினான். கீழே கார் ஷெட்டில், கரண்ட் போனால் வீட்டையே ஓட்டும் பேட்டரி செய்கிறவன் அவன். இதுவரை ஒன்றுகூட விற்றதில்லை.

கதவைத் தட்டினால், “இத்தாலி சரக்கா?” என்பார்கள்.

“இல்ல அத்தே, நம்ம திரிப்போலி சரக்கு. நான் செஞ்சது.”

“நீயா? மூக்கைத் துடைக்கத் தெரியாம திரிஞ்ச பய!” கதவு சாத்தப்படும்.

இந்த மாதத்துக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் குவைத்தில் மாமாவின் கிடங்குக்குப் போ என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். அதனால்தான் கெஞ்சிக் கூத்தாடி, சும்மாவே வைத்துப் பாருங்கள் என்று வதாத் வீட்டில் ஒன்றைப் பொருத்தியிருந்தான். நேற்று அவள் மகள் சுஹாத்தைப் பெண் பார்க்க வந்தார்கள்.

“வெடிச்சிடுச்சா அத்தே?”

“வெடிச்சிருந்தாலும் தேவலையே! அணையலைடா பாவி, அணையவே இல்லை!”

அரசு மின்சாரம் எட்டிப் பார்க்காத அந்தத் தெருவுக்கு மின்சாரம் என்றால் அபு திர்காமின் ஜெனரேட்டர்தான். இரவில் அவர் அதை நிறுத்தியதும், “அடடா, கரண்ட் போச்சு, வர்றோம்” என்று விருந்தாளிகள் எழுந்துவிடுவார்கள். போங்கள் என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம். போகிறோம் என்று சொல்ல வந்தவர் தயங்க வேண்டாம். தெருவின் மரியாதையே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றும் தெரு இருண்டது. வதாத் வீடு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. மாப்பிள்ளை வீட்டார் விளக்கைப் பார்த்தார்கள். இன்னும் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்கள்.

“பொரிச்ச கறி கிப்பே தீர்ந்துச்சு, பழம் தீர்ந்துச்சு, பேசறதுக்கு விஷயமும் தீர்ந்துச்சு! அப்புறம் அந்தம்மா என் கிப்பேல உப்பு ஜாஸ்தின்னா. உன் பையன் தலையில முடி கம்மின்னேன். சம்பந்தம் போச்சு!”

கதவுக்குப் பின்னால் சுஹாத் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டு நின்றாள். துக்கம் தாங்காதவள் மாதிரி தெரியவில்லை.

“ஃபேனு, டிவி, ஃப்ரிட்ஜு, எல்லாம் விடிய விடிய ஓடுச்சு! ஒரு சிமிட்டல் இல்லைடா!”

மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. “வதாத், ஃப்ரிட்ஜுமா?”

கீழ்மாடியில் இன்னொன்று. “விடிய விடியவா? நெசமாவா?”

“எம் மக மேல ஆணை! நான் ஏன் பொய் சொல்றேன்?”

இதையேதான் நிப்ராஸ் வீடு வீடாகப் போய்ச் சொன்னான், ஒருத்தரும் நம்பவில்லை. வதாத் புகழ்ந்திருந்தால் கமிஷன் வாங்கியிருப்பாள் என்பார்கள். வசவில் யாருக்குச் சந்தேகம் வரும்?

மாலையில் ஷெட் வாசலில் கூட்டம். ஆனால் ஒருத்தரும் முன்பணம் தரவில்லை.

“நல்ல சாமான்தான் தம்பி. ஆனா என் மச்சினி வந்தா எப்படிக் கிளப்பறது?”

“போங்கன்னு சொல்லிடுங்க” என்றான் நிப்ராஸ். வேடிக்கை பார்க்க வந்த சுஹாத்துக்குப் பொறுக்கவில்லை.

“மக்கு! சோபா மெத்தைக்கு அடியில ஒரு சுவிட்ச் வை. அமுக்கினா கரண்ட் போன மாதிரி இருக்கணும்.”

“இத்தாலிக்காரன்கூட இப்படி வைக்கலையே?”

“இத்தாலிக்காரனுக்கு இவங்க மச்சினியத் தெரியுமா?”

சுவிட்ச் வந்தது, பேட்டரி பறந்தது. முதலில் பணம் கொடுத்தவள் வதாத். கழற்று கழற்று என்றாளே தவிர, கழற்ற விடவே இல்லை.

குவைத் மாமாவுக்கு வேறு ஆள் கிடைத்தான். அபு திர்காம் தன் வீட்டுக்கே ரகசியமாக ஒன்று வாங்கி, பிறகு ஜெனரேட்டரை விற்றுவிட்டு சிட்னிக்கு மகனிடம் போய்ச் சேர்ந்தார். சுஹாத் சைதா ஊர் மருந்துக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, கிப்பே தீருமுன்பே வதாத் சுவிட்சை அமுக்கிவிட்டாள்.

நிப்ராஸும் துறைமுகப் பகுதியான மீனாவுக்கு ஒரு பெண்ணைப் பார்க்கப் போனான். காப்பி ஆறுவதற்குள் விளக்கு அணைந்தது. மெத்தைக்கடியில் ‘டிக்’ என்ற அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாதா? தன் சரக்குதான். எழுந்து வந்துவிட்டான். அமுக்கியது அம்மாதான், நானில்லை என்று மறுநாள் பெண்ணே ஷெட்டுக்கு வந்து சொன்னாள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். இப்போது மீனாவில் தனிக்குடித்தனம். அந்த மாமியார் வந்தால் மெத்தைக்கடியில் போவது அவன் கையா, மகள் கையா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.