பால் சுரக்காத நரம்பு

செம்பேட்டில் தலைக்குக் குளிப்பது என்றால் தலையைத் திறந்து குளிப்பது. இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து நெம்பினால், தூக்குவாளி மூடி மாதிரி மண்டை கழன்றுகொள்ளும். உள்ளே நரம்புகள் நாற்று நட்டது போல நிற்கும். பேசுகிற நரம்பின் அடியில் பால் சுரக்கும். பப்பாளிக் காம்பைக் கிள்ளினால் வருமே, அந்த மாதிரி. அதைக் குடித்து அது கிளை விடும். பேசாத நரம்புக்குப் பால் கிடையாது. வெளியிலிருந்து பசும்பால் ஊற்றிப் பார்த்த வீடுகளும் உண்டு. எறும்புதான் வந்தது.

ஒவ்வொரு நரம்புக்குப் பக்கத்திலும் ஓர் அடக்கி குந்தியிருக்கும். "சும்மா இரு" என்று சொல்வது அதன் வேலை. அது சொல்லச் சொல்லப் பால் வற்றும். அதற்காக அடக்கியே கூடாது என்று சொல்லிவிட முடியாது. எதிர்வீட்டுத் தனபாலுக்கு அடக்கிகளெல்லாம் கோபித்துக்கொண்டு எழுந்துபோய், எல்லா நரம்பும் ஒரே நேரத்தில் கத்தி, பால் பொங்கி வழிந்து, மனுஷன் கையில் இரும்புச் சாவியோடு வாசலில் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தார்.

காய்ந்த நரம்பைப் போகியன்று கிள்ளி, கிழிந்த பாயோடு நெருப்பில் போட்டுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். பெண்கள் தலையிலிருந்தே கூடை நிறைகிறதே என்றால், யுனிவர்சிட்டியில் இதைத்தான் சொல்லித் தருகிறார்களா என்பார்கள்.

போகிக்கு முந்தின நாள் விடுதியிலிருந்து வந்த நிறைமதி, அம்மா சகுந்தலாவுக்கு எண்ணெய் வைக்கத் தலையைத் திறந்தாள். அப்பாவுக்குப் பிடித்தது, அத்தைக்குப் பிடித்தது, விருந்தாளிக்குப் பிடித்தது என்று ஒரு தோப்பே இருந்தது. பின்வரிசை ஓரத்தில் ஈர்க்குச்சி போல ஒன்று நின்றது.

"இது எதும்மா?"

"அதுவா, எனக்கு என்ன வேணும்ங்கறது. விடு, நாளைக்கு உங்கத்தை வந்து கிள்ளிடுவா."

விடுவதற்கா நிறைமதி பிறந்தாள்? முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தக் குச்சி ஒரு வார்த்தை பேசினால் போதும், ஒரு சொட்டுப் பால் வந்துவிடும். பச்சை இருக்கிற நரம்பை யாரும் கிள்ள முடியாது.

"உனக்கு என்ன குழம்பு பிடிக்கும்?"

"உங்கப்பாவுக்கு வத்தக்குழம்புதான்."

"உனக்கும்மா."

"எனக்கென்ன, எது மீந்தாலும் பிடிக்கும்."

"என்ன கலர் புடவை?"

"எடுத்துக் குடுக்கறதைக் கட்டிக்கிறதுதானே."

குச்சி அசையவில்லை. பக்கத்திலிருந்த அடக்கி கொழுத்துப் போய், வாயைத் திறக்கக்கூட அவசியமில்லாமல், சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

"அவளை அடக்க நீ யாரு?" என்றாள் நிறைமதி அதனிடம்.

"நான் எழுந்து போனா வலிப்பு வரும். நீ கூடவே இருந்து பாத்துப்பியா, திங்கக்கிழமை ஹாஸ்டலுக்குப் போயிடுவியா?" என்றது அடக்கி.

பட்டிமன்றத்தில் யாருக்கும் வாய் மூடாதவள் அம்மா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ மேலே படிக்கணும்னு ஆசைப்பட்டவதானே? இப்பவும் படிக்கலாம். நான் சேத்து விடறேன். படிக்கறேன்னு சொல்லு."

"சரிடி, படிக்கறேன். உன் இஷ்டம்."

தலைக்குள் களுக்கென்று பால் சுரக்கும் சத்தம் கேட்டது. நிறைமதி ஆவலாகக் குனிந்தாள். குச்சி அப்படியேதான் இருந்தது. தோப்பிலேயே உயரமான மரம் ஒன்று, மூடியை முட்டும் கிளைகளோடு, அடியில் வெள்ளைவெளேரென்று நனைந்து நின்றது.

"இது யாருக்குப் பிடிச்சது?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

நிறைமதி கையைத் துடைத்துக்கொண்டு மூடியைச் சத்தமில்லாமல் பொருத்தினாள்.

விடிகிற நேரத்தில் தெருவில் நெருப்பு மூட்டினார்கள். ரஞ்சிதம் அத்தை வந்து அண்ணியின் தலையைத் திறந்தாள். நிறைமதி குச்சியின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தாள்.

"ஏண்டி, ஒரு குச்சிக்கா காவல் நிக்கறே? அண்ணி, நீங்களே சொல்லுங்க."

"உங்க இஷ்டம்," என்றாள் சகுந்தலா.

"அம்மா, கிள்ள வேணாம்னு சொல்லு. ஒரே ஒரு தரம்."

சகுந்தலா மகள் முகத்தைப் பார்த்தாள். நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். இரண்டு மரத்தடியிலும் பால் சுரந்தது.

"நல்ல நாளும் அதுவுமா ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க," என்று சொல்லி, மகளின் கையை மெல்ல விலக்கி, தானே அதைக் கிள்ளி அத்தையிடம் நீட்டினாள்.

அத்தை அதை வாங்கி நெருப்பில் போட்டாள். அடக்கி தலையிலேயே தங்கிவிட்டது. அதனால் சூடு பட்டதும் குச்சியை அதட்ட ஆள் இல்லை.

"எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்," என்றது குச்சி, பாவாடை கட்டின வயதுக் குரலில்.

அதன் அடியில் பால் சுரந்து சுற்றியிருந்த நெருப்பு அணைந்தது. மறுபடி சொன்னது. இரண்டு இலை விட்டது. பிள்ளைகள் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, நெருப்பு அணைந்த பக்கத்திலிருந்த பாயை எரிகிற பக்கமாகத் தள்ளிப் போட்டார். குச்சி சாம்பலை உதறிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தது.

"உன் குரல்ம்மா அது," என்றாள் நிறைமதி.

"அப்படியா?" என்று சகுந்தலா கொஞ்ச நேரம் காது கொடுத்தாள். "நல்லா இருக்கு."

காணும் பொங்கலன்று அத்தை வீட்டுக்குப் போக பஸ் ஏறினார்கள். ஒரே கூட்டம். பெண்கள் இருக்கையில் ஜன்னல் ஓரமாக, ஓர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, இலைகளைக் காற்றில் விட்டபடி அது உட்கார்ந்திருந்தது. கையில் டிக்கெட் இருந்தது. பக்கத்தில் நின்ற சகுந்தலாவை அது நிமிர்ந்து பார்த்தது. முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு, "பை கனமா இருக்கும், இப்படிக் குடுங்கம்மா," என்று ஒரு கிளையை நீட்டியது.

சகுந்தலா பையைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற ஊர் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.