பூஜையில் வைத்த மோடம்

ஆவடி சுற்றுவட்டாரத்தில் பதினோரு வருஷமாக வீடு வீடாகப் போய் இன்டர்நெட் மாட்டுகிறேன். போகிற இடமெல்லாம் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மோடமும் வைஃபையும் ஒரே பெட்டியில் இருப்பதை வாங்கலாமா, தனித்தனியாக வாங்கலாமா? கேட்பார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்லப் பழகிவிட்டேன். டிவியும் வீடியோவும்தான் என்றால் ஒரே பெட்டி போதும். ஒயர் குறைவு, எனக்கு வரும் புகார் போனும் குறைவு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் யாராவது இருந்தால் தனித்தனி. வெளியிலிருந்து வரும் ஃபைபர் ஒயர் மோடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து வேறொரு ஒயர் வழியாக வைஃபை தரும் ரௌட்டருக்கு இணைப்புப் போகும். ரௌட்டரை வேலை நடக்கிற அறையிலேயே வைத்துக்கொள்ளலாம். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் முத்தாபுதுப்பேட்டையில் கெங்கம்மாள் வீட்டில் இதற்கு மூன்று வாரம் பஞ்சாயத்து நடந்தது.

கெங்கம்மாளின் வீட்டுக்காரர் மதுரைவீரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். மகன் சரண் மெயின் ரோட்டில் பைக் மெக்கானிக். இரண்டு பேரும் சாதுக்கள். அந்த வீட்டில் எல்லாம் கெங்கம்மாள் வைத்ததுதான் சட்டம். சரணைக் கட்டிக்கொண்டு வந்த அனுசுயா அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு வியாதிக்கும் நம்பர் போடுகிற வேலை பார்த்தாள். மாடியில் ஒற்றை அறை, அதில்தான் வேலை. வைஃபை பெட்டியோ கீழே ஹாலில் டிவிக்கு மேல். மாடிக்கு சிக்னல் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை.

அவளுக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் மூன்று தடவை லைன் அறுந்தால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சலுகை போய்விடும், பெருங்குடி ஆபீஸுக்கு ராத்திரி ஷிஃப்டுக்கு வர வேண்டும் என்று கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது. ராத்திரி ஷிஃப்டுக்கு வெளியே அனுப்புவதில்லை என்று இந்த வீட்டில் கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்துவிட்டார்கள். அதாவது மூன்றாவது தடவை லைன் போனால் வேலையும் போச்சு. இரண்டு தடவை போயிருந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டாள்.

நான் பார்த்தவுடனே தனித்தனிதான் என்று சொல்லிவிட்டேன். கெங்கம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு ஊட்டுக்கு இன்னாத்துக்கு பாய் ரெண்டு பொட்டி? இன்னிக்கு பொட்டி தனின்னுவா, நாளைக்கு அடுப்பு தனின்னுவா. நான் பாத்துகினு இருக்கணுமா?"

"அத்தை, வேலைக்குத்தான் கேக்கறேன்," என்றாள் அனுசுயா.

"ரூம்ல குந்திகினு பொட்டி தட்றது ஒரு வேலையாம்."

இதைக் கேட்டு அனுசுயா மாடிக்குப் போய்விட்டாள். சரண் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவும் பெண்டாட்டியும் பேசும்போதெல்லாம் அந்த விசிறியில் ஏதோ ரிப்பேர் இருப்பதுபோல் பார்ப்பான். எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வாரம் மூன்றாவது முறையாகப் போனபோது, இன்றைக்கு முடித்துவிட்டுத்தான் போவது என்று ஒரு கதை கட்டினேன்.

"யம்மா, ஹால்ல கீற பொட்டிதான் பெரிய மனுசன். மேல வெக்கிறது இதுகிட்ட வாங்கித் திங்கிறது. இத்த அணைச்சுட்டா அது செத்துடும். உங்க ஊட்டு நெட்டு உங்க ஹால்லதான் கீது. எங்கியும் போவல."

அது அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போனது. "அப்டி சொல்லு," என்று உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தார். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு ஹாலில் சின்னதாக ஒரு மோடமும் மாடியில் ரௌட்டரும் மாட்டினேன். அதற்குப் பிறகு பல வாரம் ஒரு தடவைகூட லைன் போகவில்லை. மோடத்துக்கு வரும் மஞ்சள் ஒயருக்குள் இருப்பது கம்பி இல்லை, தலைமுடி மாதிரி கண்ணாடி இழை, அதை மடக்கக் கூடாது என்று மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு ஏற்பாடு உண்டு. ரம்ஜான், பக்ரீதுக்கு என் ஏரியாவை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜைக்கு எல்லார் ஏரியாவும் என் தலையில். அன்று காலையிலேயே முதலாளி தங்கராஜ் ஃபைபரை ஒட்டுகிற மிஷின், ஆபீஸ் கம்ப்யூட்டர், ஏணி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். "நாளைக்கு வரைக்கும் மிஷின தொடக் கூடாது இஸ்மாயிலு. அவசரம்னா கையாலயே முட்ச்சுடு," என்று ஒரு உத்தரவு.

சாயங்காலம் ஐந்தரைக்கு அனுசுயா போன் செய்தாள். "அண்ணா, ஆறரைக்கு எனக்கு கடைசி டெஸ்ட், இத முடிச்சாதான் வேலை பர்மனென்ட். நெட் சுத்தமா இல்ல. போன் ஹாட்ஸ்பாட்டை கம்பெனி சாஃப்ட்வேர் எடுத்துக்காது." ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அமெரிக்காவுக்கு ஆயுத பூஜை தெரியாது. அங்கே அது சாதாரண வேலை நாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து ஐம்பது. ஹாலில் வாழையிலை போட்டுப் படையல் வைத்திருந்தார்கள். மதுரைவீரன் லேத்தில் அளவு பார்க்கும் வெர்னியர், சரணின் ஸ்பானர் செட், அருவாமனை, பொரி, கடலை, சுண்டல். நடுவில், எல்லாவற்றுக்கும் பெரிய மனுசனாக, என் மோடம். நன்றாகத் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தலையில் ஒரு சாமந்தி. ராத்திரி வேலைக்காக மருமகள் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது கெங்கம்மாள் கழற்றியிருக்கிறார். மிக்ஸி ஒயரைச் சுற்றுவது போல மஞ்சள் ஒயரையும் சுவரிலிருந்து பிடுங்கி, பெட்டியைச் சுற்றி இறுக்கி, நுனியைச் சொருகியும் வைத்திருந்தார். ஒயர் மூன்று இடத்தில் ஒடிந்திருந்தது.

"அவ பொட்டியில நான் கை வெக்கல பாய்," என்றார் கெங்கம்மாள். "நீதான சொன்ன, இதான் பெருசுன்னு. அவளும் சம்பாரிக்கிறா. அவளுது மட்டும் இல்லாம எப்டி படைக்கிறது?"

அனுசுயா மாடிப்படியில் நின்றிருந்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் இதைக் கேட்டதும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போய்விட்டது. எனக்கும் அப்படித்தான். மூன்று வாரம் அந்த வேலையை வேலையே இல்லை என்று சொன்ன அம்மா, அதை இலைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

மதுரைவீரன் முதல் முறையாக வாயைத் திறந்தார். "கற்பூரம் காட்டியாச்சு. நாளைக்குக் காலைல எடுக்கறதுதான் மொற. நடுவுல எடுத்தா தொழில் வெளங்காது."

"அண்ணாத்தே, வேற பொட்டி இல்லியா?" என்று சரண் கேட்டான்.

"பையில கீது. ஆனா அத்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். கம்ப்யூட்டரும் பூஜைல கீது. இதுதான் உங்க பேருல பதிஞ்ச பொட்டி. இத்த எட்த்தாதான் லைன் வரும்."

நான் மணியைப் பார்த்தேன். ஆறு மூன்று. நான் அதை எடுக்க முடியாது. அவர்கள் சாமி, அவர்கள் இலை. அனுசுயாவும் எடுக்க மாட்டாள். எடுத்தால் இந்த வீட்டில் இனி எது கெட்டாலும் அது அவள் எடுத்ததால்தான் என்று ஆகிவிடும். அவளுக்கு அது தெரியும். வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டவள்போல் அவள் திரும்பி ஒரு படி ஏறினாள்.

கெங்கம்மாள் குனிந்து மோடத்தை எடுத்தார். சாமந்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இலையில் போட்டார். முந்தானையால் சந்தனத்தை அழுத்தித் துடைத்தார்.

"எது வந்தாலும் எம்மேல வரட்டும். நீ மாட்டு பாய்."

மதுரைவீரன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் ஒடிந்த ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயரை அளந்து, கத்தியால் தோலைச் சீவி, இரண்டு நுனியிலும் கையாலேயே கனெக்டர் போட்டேன். மிஷின் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஒரு நுனி சரியாக உட்காராமல் மறுபடி வெட்டினேன். மோடத்தில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தபோது ஆறு இருபத்திரண்டு. அனுசுயா மேலே ஓடினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நன்றி எதுவும் சொல்லவில்லை. அதற்கு நேரமில்லை.

கெங்கம்மாள் இலையைப் பார்த்தபடி நின்றார். நடுவில் சந்தனக் கறையோடு இடம் காலியாக இருந்தது.

"மேல கீற பொட்டிய கொண்டாந்து வெக்கலாமா?"

"அதுவும் ஓடணும்மா."

"லேப்டாப்பு?"

"அதுலதான் டெஸ்டே."

"காதுல மாட்டிகினு பேசுமே, அது?"

"அதுவும் வேணும்."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு ஒன்னுமே வெக்க முடியாதா?"

"முடியாதும்மா."

அவர் இலையின் ஓரத்தைச் சரிசெய்தார். பிறகு என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல் சொன்னார்: "நான் கூலிக்குப் போவசொல்லோ, இதே பூஜைக்கு பண்ணக்காரங்க எங்க கையிலகீற கதிர்அருவாள வாங்கி சாமிகிட்ட வெச்சுடுவாங்க. அன்னிக்கு யாரும் கழனில எறங்கக் கூடாது. அத்தினி கொடும பண்ணவங்களே ஒரு நாளு உட்டாங்க. இந்தப் பொண்ணுக்கு அது கூட இல்லியா பாய்?"

பையைக் கட்டினேன். அனுசுயா தேறியதும் வேலை நிரந்தரமானதும் எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது, கெங்கம்மாள் ஒரு தட்டில் சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு, முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறியதைத்தான். சாத்திய கதவைத் தட்டவில்லை. மேல்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசலிலிருந்து மதுரைவீரன் குரல் கொடுத்தார். "கெங்கா, டீ போடு."

"சத்தம் போடாத. உள்ள பொண்ணு வேல செய்யுது," என்றார் கெங்கம்மாள், தாழ்ந்த குரலில். "நீயே போட்டுக்கய்யா. எனுக்கு இன்னிக்கு லீவு."