நான் வெட்டிய முப்பது வட்டங்கள்

டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முப்பது வட்டங்களையும் வெட்டி முடித்திருந்தேன்.

வரைந்த கோட்டிலிருந்து இம்மி பிசகவில்லை. தையற்காரன் கையல்லவா! பாலர் வகுப்பு மேசையில், வட்டம் வரைந்த காகிதங்கள் கிடந்தன. வகுப்புக்கு வந்து ஒத்தாசை செய்யுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லியிருந்தார்கள். துணியை அடுக்குவதுபோல ஆறாறாக அடுக்கி, ஒத்தாசை செய்துவிட்டேன்.

"இத யாரு வெட்டுனது?"

"நான்தாங்க." பாராட்டை வாங்கத் தோதாக நிமிர்ந்து நின்றேன்.

"பசங்க வெட்டத்தானே வரைஞ்சு வச்சேன்! கத்தரி புடிச்சுப் பழகுனாத்தான் கையில பென்சில் நிக்கும். இப்ப முப்பது பேரும் உங்க திறமைய வேடிக்கை பாக்கவா?"

மூலையிலிருந்த என் மகள் சிரித்தாள். வீட்டில் அவளைக் குண்டூசி என்போம். பெயரில் இருக்கிற கூர்மை பென்சிலில் இல்லை. பிடித்தால் நழுவும். மற்ற பிள்ளைகள் 'ட', 'ப' என்று எழுத, இவள் நோட்டு மட்டும் கோழி கிளறியதுபோல் இருக்கும். வருடக் கடைசிக்குள் எழுதாவிட்டால் கூட்டாளிகள் ஒன்றாம் வகுப்புக்குப் போவார்கள். இவள் இங்கேயே.

"ஒண்ணாம் வகுப்புக்குப் போயிடுவாளா டீச்சர்?"

"பாக்கலாம்."

துணி எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் தினமும் சொல்லும் பதில் அது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

தண்டனையாக, வாரம் ஒருநாள் கடையிலிருந்து வெட்டுத்துணியும் பொத்தானும் கொண்டுவரச் சொன்னார். பிள்ளைகள் துணி ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கிள்ளி இழுத்தார்கள். ஷூ லேஸில் பொத்தான் கோத்தார்கள். நான் வெட்டிய வட்டங்களில் காகிதத்தைக் கிழித்து ஒட்டினார்கள். எனக்கிருந்த ஒரே வேலை, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்வது.

குண்டூசி ஐந்து முறை பொத்தான் ஓட்டையைத் தவறவிட்டாள். என் வலது கை தானாக வெளியே வந்தது.

"அங்கிள், கை!" என்று வகுப்பே கத்தியது.

வீட்டில் மனைவி தன் பங்குக்கு ஒரு குத்து விட்டாள். "ஊருக்கே பட்டன் வைக்கறீங்க. பெத்த பொண்ணுக்குப் பட்டன் போடத் தெரியல."

"போட்டுவிட நான் இருக்கேன்ல?"

"அதத்தான் சொல்றேன்."

மறுநாளிலிருந்து சட்டைப் பொத்தானைக் குண்டூசியே போட்டாள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று காலர் காதைத் தொட்டது. அவிழ்த்து மறுபடி போட்டாள். நான் வாசலில் பல்லைக் கடித்து நின்றேன். கடை திறக்கத் தாமதமாகி, பலருக்குப் 'பாக்கலாம்' சொன்னேன்.

வருடக் கடைசியில் அவளே ஒரு வட்டம் வெட்டினாள். உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. அதன் நடுவில், நாக்கைத் துருத்திக்கொண்டு, 'ப' எழுதினாள். ஒரு கால் குட்டை. ஆனாலும் நின்றது.

"அப்பா, நீ தொடவே இல்லல்ல?"

"சத்தியமா இல்லடி."

டீச்சரிடம் பழைய கேள்வியையே கேட்டேன்.

"போவா" என்றார்.

"அப்ப இத்தன நாள் எழுத வராம இருந்ததுக்கு என்னங்க காரணம்?"

டீச்சர் அவளைப் பார்த்தார். தொடைக்குக் கீழே இருந்த என் கைகளைப் பார்த்தார்.

"நீங்கதான்."